அகில வன்னி பிலாட்டீஸ் தூய்மைக் காப்புச் சபை

உலகில் எங்கெங்கு பிலாட்டீஸ் கெட்டுச் சீரழிந்தாலும் வன்னியில் மட்டும் அது கெடவில்லை என்ற உண்மையைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். பொன் கிடைக்காவிட்டால் காபன் தாளிலாவது பொறிக்க வேண்டும். வெளிநாடுகளில் கண்டவன் நின்றவன் எல்லாம் அந்த உடற்பயிற்சியைச் செய்து, வியர்வை சிந்தி, அதன் மகிமையைக் குலைத்துக்கொண்டிருந்த காலத்தில், வன்னியின் வட்டக்கச்சிக் கிராமத்தில் அது முழுசாக இரண்டு வருடம் தூசி படாமல் பேணப்பட்டது. பேணிய விதமும் எளிமையானது. அந்த இரண்டு வருடமும் அங்கே ஒருவரும் அதைச் செய்யவில்லை.

இந்த அருஞ்சாதனைக்கு உரித்துடையது 1999ஆம் ஆண்டு தை மாதம் பிறந்த 'அகில வன்னி பிலாட்டீஸ் தூய்மைக் காப்புச் சபை'. தலைவர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஐயாத்துரை மாஸ்டர். உபதலைவர் முத்துலிங்கத்தார். இவர்களோடு ஏழு அங்கத்தவர்கள். ஏழு பேரும் தலைவர் சொல்வதை வழிமொழிவதில் நன்கு பயிற்சி பெற்றவர்கள். சபையில் நடந்த ஒரே பயிற்சி அதுதான்.

வேலை செய்வதற்கு விமலேஸ்வரி இருந்தாள். பன்னிரண்டு வருடம் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஆங்கிலமும் தெரிந்த தட்டெழுத்தாளராக இருந்தவள். யுத்தத்தில் இடம்பெயர்ந்ததில் வேலை போய்விட்டது, தட்டச்சு இயந்திரம் மட்டும் எப்படியோ கூட வந்துவிட்டது. தேய்ந்த ரிபனுக்கு விளக்குக் கரியும் தேங்காயெண்ணெயும் பூசி, பள்ளிக்கொப்பிகளின் வெறும் பக்கங்களில் சபையின் தீர்மானங்களை அடித்துக் கொடுப்பாள். சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாக அவளுடைய பதவிக்கு முன்னால் 'கௌரவ' என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லை உலையில் போட முடியாது என்பதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சபையின் தோற்றம் தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் இருந்த மாஸ்டரின் மருமகன் ஆறு மாதம் பிலாட்டீஸ் வகுப்புக்குப் போனான். அவனுக்குப் பழக்கிய பெண்ணை இன்னொரு பெண் பழக்கினாளாம். அவளை வேறொருத்தி பழக்கினாளாம். அந்த வேறொருத்தி இதை உருவாக்கிய 'மூலவரின்' கையைத் தொட்டவளாம். இந்தப் பரம்பரை அறுந்துவிடக் கூடாதென்று, மருமகன் ஒரு கடதாசியில் தன் உள்ளங்கையை வைத்துப் பேனையால் சுற்றிவரக் கீறி, ஓர் ஆங்கிலப் புத்தகத்தோடு சேர்த்து அனுப்பினான். அது கொழும்பு, வவுனியா எல்லாம் கடந்து ஐந்து மாதத்தில் வந்து சேர்ந்தது. மாஸ்டர் குளித்து விபூதி பூசி, அந்தக் கீறலின்மேல் தன் உள்ளங்கையை வைத்தார். அந்தக் கணமே 'ஐந்தாம் தலைமுறை' ஆனார். மாஸ்டரின் கையில் கை வைத்து முத்துலிங்கத்தார் ஆறாம் தலைமுறை ஆனார். அதோடு பரம்பரை பூட்டப்பட்டது.

புத்தகத்தின் பின்மட்டையில் ஒரு கட்டிலின் படம் இருந்தது. அதைப் பார்த்து முதிரை மரத்தில் ஒரு கட்டில் செய்வித்தார்கள். கட்டிலுக்கு ஸ்பிரிங் வேண்டும். யுத்தத் தடையால் ஸ்பிரிங் வவுனியா தாண்டி வராது. "ஏன் ஸ்பிரிங்?" என்று சோதனைச் சாவடியில் கேட்டால், "படுத்துக்கொண்டு காலை உதறுறதுக்கு" என்று பதில் சொல்லும் தைரியம் சபையில் ஒருவருக்கும் இல்லை. ஆகவே கட்டில் ஸ்பிரிங் இல்லாமலே மண்டபத்தின் நடுவில் நின்றது. அந்த வருடம் ஆயுதபூசை வந்தது. மண்வெட்டிக்கும் தட்டச்சு இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்த கையோடு ஐயர் கட்டிலுக்கும் வைத்துவிட்டார். பூசை பட்ட பொருளில் எப்படி மனுசர் படுப்பது? அன்றிலிருந்து கட்டிலில் ஒருவரும் படுக்கக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

புத்தகத்துக்கும் அதே மரியாதைதான். மஞ்சள் பட்டில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தார்கள். மட்டையிலிருந்த மூலவரின் படத்தைக் கழற்றிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள். மூலவர் அரைக் காற்சட்டையோடு நின்றார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மாஸ்டர் படத்தின் கீழ்ப்பாதிக்கு ஒரு சால்வை போர்த்திவிட்டார்.

புத்தகத்தின் உள்ளே வாசிக்க இன்னும் 'தகுதி' வரவில்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. முதல் இரண்டு வருடம் மட்டை மட்டும். மூன்றாம் வருடப் பிறப்பில்தான் வரலாற்று அத்தியாயம். அதை முன்கூட்டியே தமிழில் ஆக்கி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைக்கும் பணி விமலேஸ்வரியிடம் வந்தது.

"அப்ப நான் வாசிக்கலாமோ ஐயா?" என்று கேட்டாள் அவள்.

"நீர் வாசிக்கப் போறேல்லையே பிள்ளை. தட்டப் போறீர். அது வேறை, இது வேறை."

அவளும் தட்டினாள். தட்டும்போது கண்ணை மூடிக்கொள்ளும் வித்தை கச்சேரியில் யாரும் பழக்கவில்லை. ஆகவே சபையின் மூலவர் யார், எங்கே இருந்தார், எப்படித் தொடங்கினார் என்ற விபரமெல்லாம் வட்டக்கச்சியில் ஒரேயொருத்தியின் தலைக்குள் போய் இருந்துகொண்டது.

2000ஆம் ஆண்டு பங்குனியில் அவளுடைய புருசன் சின்னராசா நெல்லு மூட்டை ஏற்றும்போது இடுப்புப் பிடித்து விழுந்தார். விழுந்தவர் எழும்பவில்லை. இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தார். திரும்பிப் படுக்க இரண்டு பேர் வேண்டும். ஆசுப்பத்திரியில் மருந்தும் குறைவு, ஆளும் குறைவு. மூன்று ஏக்கர் வயல். புரட்டாதியில் காலபோக நெல் விதைப்பு. அதற்குள் எழும்பாவிட்டால் வயலில் புல்லுத்தான். விமலேஸ்வரிக்கு வயலைவிடப் பெரிய பயம் வேறு. பகிடிக்காரராய் இருந்த மனுசன் நாளுக்கு நாள் கதை குறைந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

இந்த நேரத்தில்தான் யோசெப் வந்தார். முள்ளிவாய்க்கால் கடற்கரை ஆள். நாற்பது வருடம் கரைவலை இழுத்தவர். கடலுக்குப் போக முடியாமல் போனபின் கருவாட்டுப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிழமையில் மூன்று நாள் வட்டக்கச்சிச் சந்தைக்கு வருவார்.

"என்ன தங்கச்சி, தம்பியைக் கனநாளாக் காணேல்லை?"

"இடுப்புப் பிடிச்சுக் கட்டிலில கிடக்கிறார் அண்ணை. எழும்பி ஆடி அசையாட்டில் இப்பிடியே இறுகிப்போம் எண்டு ஆசுப்பத்திரியில சொல்லிவிட்டினம். எழும்பினால்தானே ஆடுறது."

"படுத்துக்கொண்டும் ஆடலாம்" என்றார் யோசெப்.

அடுத்த சந்தை நாளில் ஒரு பழைய சைக்கிள் ரியூப்போடு வீட்டுக்கு வந்தார். அதை இரண்டாக வெட்டிக் கட்டில் காலில் கட்டினார். மறுமுனையில் வளையம் போட்டுச் சின்னராசாவின் பாதத்தை அதற்குள் விட்டார்.

"இப்ப மெல்ல நீட்டும் தம்பி. காலால தள்ளாதையும். கையாலயும் காலாலயும் வலை இழுக்கிறவன் நாலாம் நாள் பாயில கிடப்பான். தொப்புளை முதுகோட ஒட்டவையும். வயித்தால இழும்."

"வயித்துக்குள்ள ஒண்டுமில்லையே அண்ணை" என்றார் சின்னராசா.

"அது இன்னும் நல்லது. கெதியா ஒட்டும்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அன்றுதான் ஒருவர் சிரித்தார். குசினிக்குள் நின்ற விமலேஸ்வரிக்கு அந்தச் சத்தம் கேட்டு அழுகை வந்துவிட்டது.

கடற்கரையில் வலை இழுத்து இடுப்புப் போனவர்களுக்கு யோசெப் இருபது வருடமாகச் செய்துவந்த வைத்தியம் அது. முதலில் கயிற்றோடு செய்தார், பிறகு ரியூப்போடு. ஏலேலோ சொல்லி மூச்சு விட வைப்பார். அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. விமலேஸ்வரிதான் சொன்னாள்.

"எங்கட சபையில இதைத்தான் அண்ணை பிலாட்டீஸ் எண்டு சொல்லுறவை."

"பிலாத்துவோ? அவன் யேசுவைச் சிலுவைக்குக் குடுத்திட்டுக் கை கழுவினவனெல்லோ தங்கச்சி?"

"அவனில்லை அண்ணை, இது வேறை ஆள்."

"ஆராயிருந்தாலும் நல்லாயிருக்கட்டும். மற்றக் காலை விடும் தம்பி."

மூன்றாம் கிழமை சின்னராசா தானாகத் திரும்பிப் படுத்தார். ஐந்தாம் கிழமை கட்டில் விளிம்பில் இருந்தார். இருந்து, தன் கையால் தேத்தண்ணி குடித்தார். அந்தத் தேத்தண்ணி பாதி குடித்தபடி இருக்கும்போதுதான், சபையின் தூய்மைக்கு நேர்ந்த பேரபாயத்தை முத்துலிங்கத்தார் வாசல் படலையடியில் நின்று கண்டுபிடித்தார்.

"உது என்ன, கட்டில் காலில?"

"ரியூப் அண்ணை. இவருக்கு இப்ப எவ்வளவோ சுகம்" என்றாள் விமலேஸ்வரி.

"சுகம் கிடக்கட்டும். உது ஆற்றை தலைமுறை?"

அவசரக் கூட்டம் கூடியது. ஒரு கருவாட்டு வியாபாரி, உள்ளங்கைக் கீறலைக் கண்ணாலும் காணாதவர், சபைக்கு உரித்தான முறையைச் சைக்கிள் ரியூப்பால் 'இழிவுபடுத்தியதாக' முடிவு செய்தார்கள். மாஸ்டர் சந்தைக் குழுவுக்கும் தலைவர். அந்த 'முறை' சபைக்குச் சொந்தம் ஆகையால், யோசெப் தொடர்ந்து அதைச் செய்தால் சந்தையில் அவருக்கு இடமில்லை என்று கடிதம் தயாரானது. யார் தட்டுவது? கௌரவ தட்டெழுத்தாளர்தான் தட்டினாள். தன் புருசனைக் கட்டிலில் கட்டிப்போடும் கடிதத்தைத் தானே, பிழையில்லாமல், மூன்று பிரதிகளில் அடித்தாள். அடித்த விரலை வெட்டலாம்போல இருந்தது அவளுக்கு.

"எனக்கு வீட்டில ஏழு வயிறு தங்கச்சி" என்றார் யோசெப். ரியூப்பை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு, சின்னராசாவின் முகத்தைப் பார்க்காமல் போனார்.

பத்து நாளில் சின்னராசாவின் இடுப்பு திரும்ப இறுகத் தொடங்கியது. விமலேஸ்வரி சபைக்குப் போய் நின்றாள்.

"ஐயா, யோசெப் அண்ணையை விடமாட்டியள். அப்ப உங்கட கட்டிலிலயாவது இவரைக் கிடத்துங்கோ."

"பூசை பட்ட கட்டில் பிள்ளை. அதோட ஸ்பிரிங்கும் இல்லை" என்றார் மாஸ்டர் மிகுந்த இரக்கத்தோடு. "ஆனால் காத்திருப்போர் பட்டியலில உம்மட அவருக்கு முதலாம் இலக்கம் தாறம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மனத்தளவில செய்யச் சொல்லும். உண்மையில அதுதான் உயர்ந்த நிலை. நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறம்."

அங்கத்தவர்கள் ஏழு பேரும் தலையாட்டினார்கள். ஒன்றரை வருடமாக மனத்தளவில் செய்து வந்ததில் ஏழு பேருக்கும் வயிறு நன்றாக முன்தள்ளியிருந்தது.

சபையின் பெருந்தன்மையை இந்த இடத்தில் மறைக்கக் கூடாது. கதவை முற்றாகப் பூட்டவில்லை. 'தகுதியுள்ள எவரும்' பயிற்றுநராகும்படி ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தார்கள். மொத்தம் இருபத்திநாலு கேள்விகள். குருவின் பெயர், குருவின் குருவின் பெயர், தலைமுறை இலக்கம், சொந்த ஊர், அதற்கு முந்திய சொந்த ஊர், சான்றிதழ், ஆங்கில அறிவு, உபகரணத்தின் மூலம் என்று ஒன்றையும் விடவில்லை. மாஸ்டர் சொல்லச் சொல்ல விமலேஸ்வரி அடித்தாள். இருபத்திநாலாவது கேள்வியை அடித்து முடித்துவிட்டு, இன்னும் ஏதாவது வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

வீட்டுக்குப் போய் ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். யோசெப்பைக் கேட்டால் அவர் நிரப்பமாட்டார். நிரப்பினாலும் இவர்கள் தள்ளிவிடுவார்கள் என்பது தெரிந்ததுதான். தள்ளட்டும், நல்லாத் தள்ளட்டும் என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தலைக்குள் இருந்த வரலாற்று அத்தியாயத்தை ஒவ்வொரு வரியாக வெளியே எடுத்தாள். படிவம் கேட்டது 'பெயர்' மட்டும்தான். 'யோசெப்' என்று எழுதினாள். புத்தகத்தில் மூலவரின் பெயரும் அதுவாகத்தான் இருந்தது. மிச்சமும் புத்தகத்தில் இருந்தபடியே எழுதினாள். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அடுத்த கூட்டத்தில் அவளே வாசித்தாள்.

"பெயர், யோசெப்."

"பாத்தீரே, வந்திட்டார்" என்றார் முத்துலிங்கத்தார்.

"சிறுவயதில் உடல்நிலை, நோஞ்சான். முன்னைய தொழில், குத்துச்சண்டை, சர்க்கஸ்."

சபையில் ஒரு சலசலப்பு எழுந்தது. "கருவாட்டுக்காரன் சர்க்கஸும் காட்டினவனோ?"

"காட்டியிருப்பான். கடற்கரை ஆக்களை நம்பேலாது" என்றார் மாஸ்டர். "மேலை வாசியும் பிள்ளை."

"இம்முறையை வளர்த்த இடம், முகாம்."

"அகதி முகாம். தெரிஞ்சதுதானே."

"உபகரணம், முகாமில் நோயாளர் படுத்த கட்டில். குரு, இல்லை. குருவின் குரு, இல்லை. சான்றிதழ், இல்லை. தாய்மொழி, ஆங்கிலம் அல்ல."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே அவருக்கு மனம் நொந்திருந்தது. "இப்பிடியான ஆக்கள் கையிலதான் எங்கட மூலவரின்ரை கலை சீரழியுது. எழுதும் பிள்ளை. மேற்படி யோசெப் என்பவருக்குப் பிலாட்டீஸ் கற்பிக்க எவ்விதத் தகுதியும் கிடையாது. அவரும் அவர் கையாளும் முறையும் எமது சபையுடன் எவ்விதத்திலும் தொடர்புடையன அல்ல."

"தொடர்பே இல்லை எண்டு போடவோ ஐயா?"

"வடிவாப் போடும். கீழை ஒரு கோடும் இழும்."

இழுத்தாள். மாஸ்டர் கையெழுத்து வைத்தார், முத்துலிங்கத்தார் முத்திரை குத்தினார், ஏழு பேரும் வழிமொழிந்தார்கள். அன்று பின்னேரமே அந்தக் கடிதம் சந்தையில் யோசெப்பின் கைக்குப் போனது.

"இதில என்ன தங்கச்சி கிடக்குது?"

"உங்கட முறைக்கும் அவையளுக்கும் தொடர்பில்லையாம் அண்ணை. தங்கட முறை எண்டுதானே தடுத்தவை. இப்ப தங்கடை இல்லை எண்டு அவையளே கையெழுத்து வைச்சிட்டினம். பிறகென்ன, ரியூப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ."

முத்துலிங்கத்தார் மறுபடி படலையடியில் நின்று பார்த்தார். விமலேஸ்வரி கடிதத்தைக் கொண்டுபோய் நீட்டினாள். வாசித்தார். முத்திரை தன்னுடையது. கோடும் நேராக இருந்தது. சைக்கிளில் ஏறிப் போனார்.

புரட்டாதியில் சின்னராசா பொல்லூன்றி வயல் வரம்பில் நின்று விதைப்பைப் பார்த்தார். கார்த்திகையில் பொல்லில்லாமல் நின்று புல்லுப் பிடுங்குகிறவர்களோடு பகிடி விட்டார். அந்த வருடம் வயல் தரிசாகவில்லை.

2001 தையில் சபையின் இரண்டாம் ஆண்டு நிறைவு விழா. கட்டிலுக்குப் புதுச் சந்தனம், மூலவருக்குப் புதுச் சால்வை. அரக்கு முத்திரையை உடைத்து வரலாற்று அத்தியாயத்தை வாசிக்கும் புனித வேளை வந்தது. தலைவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க கௌரவ தட்டெழுத்தாளர் எழுந்து வாசித்தாள்.

"இம்முறையை உருவாக்கியவர் யோசெப் பிலாட்டீஸ். சிறுவயதில் நோஞ்சான். குத்துச்சண்டையிலும் சர்க்கஸிலும் இருந்தவர். முதலாம் உலக யுத்தத்தில் முகாமில் அடைக்கப்பட்டிருந்தபோது, அங்கே நோயாளர் படுத்த கட்டில்களில் ஸ்பிரிங்குகளைக் கட்டி..."

முத்துலிங்கத்தார் தன் முத்திரைப் பெட்டியைப் பார்த்தார். மாஸ்டர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் கறுத்தது.

"பிள்ளை. அண்டைக்கு நாங்கள் தள்ளினது இவரையோ?"

"ஓம் ஐயா. ஏகமனதாத் தள்ளினனீங்கள்."

"அப்ப நீர் எங்களுக்குப் பொய் எழுதித் தந்திருக்கிறீர்."

"ஒரு பொய்யும் எழுதேல்லை ஐயா. அந்தத் தீர்மானத்தை நீங்கள் இப்பவும் மாத்தலாம். மாத்தினால் குருவும் சான்றிதழும் இல்லாமல், முகாமில கட்டிலைக் கட்டிப் பழக்கின யோசெப்புக்குத் தகுதி இருக்கு எண்டு எழுதவேணும். ரெண்டு யோசெப்புக்கும் சேத்துத்தான் எழுதவேணும். தட்டட்டோ?"

பின்வரிசை வாங்கிலிலிருந்து சின்னராசா எழுந்தார். ஒருவர் கையையும் பிடிக்காமல் மண்டபத்தின் நடுவால் நடந்து வந்து, பெண்சாதிக்குப் பக்கத்தில் நின்றார். அவள் மாஸ்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"இருபத்திநாலு கேள்வி கேட்டியள் ஐயா. உதால ஆருக்கும் உடம்பு நோ மாறிச் சுகம் வந்ததோ எண்டு ஒரு கேள்வி கேக்கேல்லை."

குற்றச்சாட்டைக் கேட்டு ஓடி ஒளியும் சபை அல்ல அது. குறையென்று தெரிந்தால் அந்த இடத்திலேயே நிவர்த்தி செய்யும் நெஞ்சுரம் அதற்கு இருந்தது. தலைவர் பிரேரிக்க, உபதலைவர் ஆமோதிக்க, ஏழு பேர் வழிமொழிய, படிவத்தில் இருபத்தைந்தாவது கேள்வி அன்றே சேர்க்கப்பட்டது:

'நோ மாறியதா? ஆம் எனில், யாருடைய அனுமதியுடன்?'